செவியாவில் சாப்பாடும் ஒயினும் காட்டும் வேலை

ஸ்பெயினின் செவியா நகரில் இரவு ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசை தேடி அலைபவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். பல கடைகளில் சமையலறையே எட்டு, எட்டரைக்கு மேல்தான் திறக்கும். மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து நான்கு மணி வரை, இரவுச் சாப்பாடு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. நடுவில் போய்க் கேட்டால் ஆலிவ் காயும் பீரும் கிடைக்கும், அவ்வளவுதான். இந்த ஊருக்குத் திருமணமாகி வந்து, பிறகு வருகிறவர்களைக் கடை கடையாக அழைத்துப்போய் உணவையும் ஒயினையும் அறிமுகப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவள் நான். விருந்தினர்களை இந்த ஊரின் கடிகாரத்துக்குப் பழக்குவதிலேயே என் வேலையில் பாதி போய்விடும்.

கடிகாரம் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. லண்டனைவிட மேற்கே இருக்கும் ஊர் இது. ஆனால் 1940 இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது. அதைத் திரும்ப மாற்றவே இல்லை. ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும். வெயில் சுட்டுக்கொண்டிருக்கும்போது யாருக்குப் பசி எடுக்கும்? அதனால் டூருக்கு இரண்டு நாள் முன்பே எல்லோருக்கும் ஒரு குறிப்பு அனுப்பிவிடுவேன்: மாலை ஆறு மணிக்கு ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள், வயிற்றை முழுக்கக் காயப் போடாதீர்கள், எட்டு மணிக்கு நாம் தொடங்குவோம். வழிகாட்டி இல்லாமல் தனியாக வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். வார நாட்களில் மதியம் "மெனு தெல் தியா" என்று முதல் உணவு, இரண்டாம் உணவு, ரொட்டி, குடிக்க ஒன்று, கடைசியில் இனிப்போ காபியோ என எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. மதியம் அதில் வயிறார உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இரவு நின்றுகொண்டே கொறிப்பதுதான் ஊர் வழக்கம். உடம்புக்கும் பணப்பைக்கும் அதுவே நல்லது.

என் காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. அன்று மாலை போகப்போகும் கடைகளில் ஒன்றிரண்டில் நுழைந்து, காபியும் தோஸ்தாதாவும் வாங்கிக்கொண்டு கவுண்ட்டர் ஓரமாக நிற்பேன். வாட்டிய ரொட்டிமேல் ஆலிவ் எண்ணெயும் துருவிய தக்காளியும் போட்டால் அதுதான் தோஸ்தாதா. முதலாளி அப்போதுதான் கொஞ்சம் ஓய்வாக இருப்பார். இன்றைக்கு என்ன வந்திருக்கிறது, எது தீர்ந்துபோகும், எந்த மூலையில் எங்கள் ஆட்கள் நின்றால் இடைஞ்சல் இருக்காது என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும். தொலைபேசியில் பேசினால் இது நடக்காது. நேரில் போய் நிற்கிறவளுக்குத்தான் அடுத்த முறை வாசலில் கூட்டம் நிரம்பி வழியும்போதும் ஒரு மூலை கிடைக்கும்.

சின்னத் தட்டுகளில் கொறிக்கத் தருவதைத் தபாஸ் என்பார்கள். செவியாவின் நல்ல தபாஸ் கடைகள் பலவும் மிகச் சின்னவை. கவுண்ட்டரில் இருபது பேர் நின்றால் நிறைந்துவிடும், அந்த இருபதில் பன்னிரண்டு பேர் பல வருடமாக அதே இடத்தில் நிற்பவர்களாக இருப்பார்கள். அங்கே ஒரு குழு நுழைந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டால், அன்றாடம் வருகிற பெரியவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். அப்படிப் பத்துப் பேர் திரும்பிப் போனால் அந்தக் கடையின் குணமே மாறிவிடும். பிறகு நான் காட்டுவதற்கு அங்கே என்ன இருக்கும்? தொழிலுக்கு வந்த புதிதில் இந்த ஊரின் திரியானா பகுதியில் ஒரு கடைக்காரர் என்னிடம், "மகளே, எப்ப வேணா வா. வெள்ளிக்கிழமை ரெண்டரை மணிக்கு மட்டும் கூட்டத்தோட வந்துடாதே. அந்த நேரம் என் ஆளுங்களுக்கு" என்றார். என் தொழில் விதிகள் எல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து வந்தவைதான். எட்டுப் பேருக்கு மேல் அழைத்துப்போவதில்லை. பின்சுவர் ஓரமாகத்தான் நிற்போம். பணத்தை அன்றே, அங்கேயே கொடுத்துவிடுவேன். சமையலறைக்குள் கேமராவை நீட்ட யாரையும் விடமாட்டேன். ஒரு கடையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தங்குவதும் இல்லை.

அந்தக் கடைசி விதி ஊர்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஒரே கடையில் உட்கார்ந்து பட்டியல் முழுவதையும் வரவழைப்பது இங்கே வழக்கம் இல்லை. ஒவ்வொரு கடைக்கும் கைவந்த ஒன்று இருக்கும். அதைச் சாப்பிட்டு, ஒரு கிளாஸ் முடித்து, அடுத்த கடைக்கு நடக்க வேண்டும். 1670 இலிருந்து நடந்துவரும் எல் ரின்கோன்சியோவில் கணக்கை இன்றும் மரக் கவுண்ட்டர் மேலேயே சாக்பீஸால் எழுதுகிறார்கள். அங்கே கொண்டைக்கடலை போட்ட பசலைக்கீரையைத் தவறவிடக் கூடாது. அளவு மூன்று: தபா சிறியது, மெதியா ரசியோன் நடுத்தரம், ரசியோன் பெரிய தட்டு. எல்லாவற்றையும் தபா அளவில் கேளுங்கள். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்று 2022 இலிருந்து சட்டமே இருக்கிறது. "ஆகுவா தெல் கிரிஃபோ" என்று கேட்டால் தருவார்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை, சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும்.

திங்கட்கிழமை மீன் காட்டும் டூர் வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால் திங்களன்று சந்தையில் மீன் பகுதி வெறிச்சோடிக் கிடக்கும். திரியானா சந்தைக்கு அழைத்துப்போவதானால் செவ்வாய்க்கு மேல்தான். மத நம்பிக்கையில் பிறழ்ந்தவர்கள் என்று ஆட்களைத் தண்டித்த கத்தோலிக்க விசாரணை மன்றம் இருந்த பழைய கோட்டையின் இடிபாடுகள் மேல் எழுந்த சந்தை அது. பொருளைத் தொடாமல் கைகாட்டிக் கேட்க வேண்டும், வரிசையில் கடைசியில் நிற்பவர் யார் என்று கேட்டு அவருக்குப் பின்னால் நம் முறையை வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் சந்தை வாசலிலேயே சொல்லிவிடுவேன்.

இந்த வேலையில் நான் மனதார நேசிக்கும் நாள் ஹெரெஸ் போகும் நாள். செவியாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஹெரெஸ், எல் புவெர்தோ, சான்லூகர் ஆகிய மூன்று ஊர்களுக்கு நடுவிலும் சுற்றிலும் இருக்கும் நிலத்தில்தான் ஷெர்ரி என்னும் ஒயின் பிறக்கிறது. ஷெர்ரி என்றாலே தித்திப்பான பானம் என்று நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். இங்கே மக்கள் சாப்பாட்டோடு குடிக்கும் ஷெர்ரி வகைகளான ஃபினோவிலும் மன்சனியாவிலும் இனிப்பு துளியும் கிடையாது. இதை வாயால் விளக்குவதை நான் விட்டுவிட்டேன். முதல் கிளாஸுக்கு முன்னால் உப்பில் வறுத்த பாதாமையும் ஆலிவ் காயையும் கொடுத்துவிடுவேன். வெறும் நாக்கில் ஃபினோ கூர்மையாகக் குத்தும். உப்பும் கொழுப்பும் பட்ட நாக்கில் அதுவே தெளிந்துவிடும். ஷெர்ரி பிடிக்காது என்று சொல்லி வந்தவர்களில் பலர் இரண்டாவது கிளாஸை நீட்டுவதை இந்த வரிசை ஒன்றினாலேயே பார்த்திருக்கிறேன்.

முதலில் திராட்சைத் தோட்டத்துக்குப் போகவேண்டும், கிடங்குக்கு அப்புறம். அல்பரிசா என்னும் மண் கண்கூசும் வெள்ளை. குளிர்கால மழையை உறிஞ்சி அடியில் வைத்துக்கொண்டு, கோடையில் மேல்பரப்பு ஓடு கட்டி, ஈரம் வெளியேறாமல் காக்கும். மே முடிந்தால் செப்டம்பர் வரை மழையே இல்லாத ஊரில் பாலோமினோ திராட்சைக் கொடி பச்சையாக நிற்பது இந்த மண்ணால்தான். ஒரு கட்டியைக் கையில் கொடுத்து உடைக்கச் சொல்வேன், அது மாவாக உதிரும். அறுவடை பெரும்பாலும் ஆகஸ்டில். அந்த வெயிலில் வெளியூர்க்காரர்களைத் தோட்டத்தில் நிறுத்துவது ஆபத்து என்பதால் காலை எட்டு மணிக்கே போய்விட்டுப் பதினொன்றுக்குள் நிழலுக்கு வந்துவிடுவோம்.

கிடங்குகளை இங்கே பொதேகா என்கிறார்கள். கோயில் மண்டபம் உயரத்துக்குக் கூரை, தடித்த சுவர், உயரத்தில் சின்னச் சன்னல்கள், அவற்றில் கோரைப்பாய். தரை மஞ்சள் மணல். கோடையில் அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். குளிர்சாதனம் இல்லாமல் உள்ளே குளிர்ச்சியும் ஈரப்பதமும் நிற்கச் செய்த ஏற்பாடு இது. எல்லாம் ஃப்ளோர் என்ற ஈஸ்ட் படலத்துக்காக. ஏறக்குறைய 600 லிட்டர் பிடிக்கும் பீப்பாயை முழுக்க நிரப்பாமல் ஆறில் ஒரு பங்கு காலியாக விடுகிறார்கள். அந்தக் காற்றில், ஒயினின் மேல் சுருக்கம் விழுந்த பாலாடை மாதிரி ஃப்ளோர் படர்கிறது. அது ஒயினைக் காற்றிடமிருந்து மூடிக் காக்கிறது, கூடவே அதன் சத்தை உண்டு வாழ்ந்து அந்த ரொட்டி மணத்தையும் பாதாம் கசப்பையும் தருகிறது. 15 சதவிகித மதுவில் ஃப்ளோர் வாழும், 17 இல் வாழாது. ஆகவே 15 இல் நிறுத்தினால் ஃபினோ. 17 இல் நிறுத்தினால் படலம் இல்லாமல் காற்றோடு பழகிக் கருத்துப்போகும் ஓலோரோசோ. முதலில் படலத்தின் கீழும் பிறகு படலம் இல்லாமலும் முதிர்ந்தது அமொந்தியாடோ. இவை மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு இந்த இரண்டு எண்களை மட்டும் சொன்னால் போதும். மற்றதை விருந்தினர்கள் நாக்காலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பீப்பாய்கள் அடுக்கடுக்காக இருக்கும். அடி வரிசை சோலெரா. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பாட்டிலில் அடைப்பார்கள், எடுத்த இடத்தை மேல் வரிசையிலிருந்து நிரப்புவார்கள், அதை அதற்கு மேலே உள்ளதிலிருந்து. எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாவதே இல்லை. பழையது புதியதோடு கலந்துகொண்டே போவதால், நம் கிளாஸில் நூறு ஆண்டுக்கு முந்தைய ஒயினின் ஏதோ ஒரு துளி இருக்கக்கூடும். இதைச் சொல்லும் இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கிறது. ஒரு தலைமுறை ஆள் ஊற்றியதை அடுத்த தலைமுறை ஆள் எடுத்துக் குடிக்கிறான், தன் பங்குக்கு மேலிருந்து ஊற்றிவிட்டுப் போகிறான். இதைவிடப் பெரிய நம்பிக்கையை நான் வேறு எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை.

அங்கிருந்து சான்லூகர். ரயில் கிடையாது, பேருந்திலோ காரிலோ போகவேண்டும். அதே திராட்சை, அதே முறை, ஆனால் கடல் காற்றின் ஈரத்தில் ஃப்ளோர் தடித்து வளர்வதால் மன்சனியா இன்னும் மெலிந்து, வாயில் உப்புச் சாயலோடு நிற்கும். பாஹோ தெ கியா என்னும் ஆற்றங்கரைப் பகுதியில் உட்கார்ந்து, எதிர்க்கரையில் தொஞானா காட்டைப் பார்த்துக்கொண்டே அந்த ஊர் இறாலோடு குடித்தால் வித்தியாசம் தானாகப் புரியும். மகெல்லன் 1519 இல் இந்தக் கரையிலிருந்துதான் கடலுக்குப் போனார். அந்தப் பயணத்தை முடித்த எல்கானோ உட்பட 18 பேர் 1522 இல் உலகைச் சுற்றித் திரும்பி வந்ததும் இங்கேதான்.

குடியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குளிர்ந்த ஃபினோ தொண்டையில் பீர் மாதிரி இறங்கிவிடும், ஆனால் பீரைவிட மூன்று மடங்கு மது அதில் இருக்கிறது. வெயிலில் நடந்து வந்தவர் தாகத்துக்கு அதைக் குடித்தால் ஒன்பது மணிக்கே தலை சுற்றும். அதனால் முதலில் தண்ணீர், அடுத்து ஒரு வாய் உணவு, அப்புறம்தான் ஒயின். ஊற்றுவதும் இரண்டு மடக்கு அளவுதான். நான் வேலை நேரத்தில் குடிப்பதில்லை. காலையில் புதுப் பாட்டில்களை ருசிபார்த்துத் துப்பிவிடுவேன், மாலையில் என் கையில் இருப்பது தண்ணீர். குடிக்காத விருந்தினருக்கு மது இல்லாத பீர் எந்தக் கடையிலும் கிடைக்கும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மோஸ்தோ என்ற திராட்சைச் சாற்றில் மட்டும் கவனம் வேண்டும். நாட்டின் மற்றப் பகுதிகளில் அது குழந்தைகளும் குடிக்கும் சாறு. ஹெரெஸ் பக்கமும் செவியாவை ஒட்டிய அல்ஹரஃபே ஊர்களிலும் இலையுதிர் காலத்தில் அந்தப் பெயரில் ஊற்றுவது அந்த ஆண்டின் புது ஒயின்.

நம்மவர்கள் வந்தால் முதல் கேள்வி சைவம் கிடைக்குமா என்பதுதான். கிடைக்கும், ஆனால் கேட்கும் விதம் தெரிய வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித் தொடைக்கறியான ஹமோனைப் பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சூரை மீனையும் அப்படித்தான். "ஸின் கார்னே, ஸின் ஹமோன், ஸின் அத்தூன்" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். தக்காளியும் ரொட்டியும் பூண்டும் அரைத்த சல்மொரேஹோவின் மேல் ஹமோன் தூளும் முட்டையும் தூவுவார்கள், அதைத் தவிர்க்கச் சொல்லலாம். கரும்புப் பாகு ஊற்றிய கத்திரிக்காய் வறுவல், வினிகரும் வெங்காயமும் சேர்த்த உருளைக்கிழங்கு, முட்டை சாப்பிடுவோருக்கு உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையான தோர்தியா என்று ஒரு இரவுக்குத் தாராளமாகக் காணும். கிறிஸ்துமஸ் சமயத்தில் எஸ்தெபா என்ற ஊரிலிருந்து வரும் மந்தெகாதோ பிஸ்கட்டில் இருப்பது பன்றிக் கொழுப்பு. வெளித்தோற்றத்தில் தெரியவே தெரியாது. கோதுமை ஒவ்வாதவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: நான் மேலே புகழ்ந்த அந்தக் கீரையைக் கெட்டியாக்க, வறுத்த ரொட்டியை அரைத்துப் போடும் வழக்கம் உண்டு. ஒவ்வாமை இருந்தால் கடையில் வெட்கப்படாமல் கேளுங்கள். 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் எந்தெந்தத் தட்டில் இருக்கின்றன என்று தெரிவிப்பது ஐரோப்பியச் சட்டப்படி அவர்கள் கடமை.

சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில், பாட்டி அந்தக் கீரைத் தட்டை மூக்கருகே கொண்டுபோய், "ஏம்மா, இதுல ஜீரகம் போட்டிருக்காங்களே" என்றார். ஆமாம், அரபு ஆட்சிக் காலத்துச் சமையலின் வாசனை இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. மிளகாயின் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. அமெரிக்க வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அலுவலகத்தை 1503 இல் செவியாவில்தான் நிறுவினார்கள்; தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் ஏறிய கப்பல்கள் இந்த ஆற்றில்தான் வந்தன. நம் சமையலறைக்கு மிளகாயைப் போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தார்கள். இங்கே அதைக் காரத்துக்காக இல்லாமல், ஓக் விறகுப் புகையில் உலர்த்திப் பொடித்து நிறத்துக்கும் மணத்துக்கும் போடுகிறார்கள். காரம் தேடி வருகிறவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஹமோன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: தொடையில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் முழு ஐபீரிய இனம், ஓக் காட்டில் மேய்ந்து அதன் கொட்டை தின்று கொழுத்தது. சிவப்பு என்றால் கொட்டை தின்றது, ஆனால் கலப்பினம். பச்சை, வயலில் மேய்ந்து தீவனமும் தின்றது. வெள்ளை, பண்ணைத் தீவனம். 2014 இல் வந்த விதி இது. சர்வர் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், பட்டை பொய் சொல்லாது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவும் இல்லை.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் காகித வேலையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை செய்ய உரிமை உள்ள வசிப்பு அட்டை முதலில் வேண்டும். பிறகு சுயதொழில் செய்பவராக, அதாவது ஆவுதோனொமோவாகப் பதிவு. புதிதாகப் பதிகிறவர்களுக்கு முதல் ஆண்டில் சமூகப் பாதுகாப்புக் கட்டணத்தைச் சலுகையாக மாதம் 80 யூரோ அளவில் வைத்தார்கள், பிறகு வருமானத்துக்கு ஏற்ப ஏறும். டூரே இல்லாத மாதத்திலும் அது கணக்கிலிருந்து போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மதிப்புக்கூட்டு வரிக்கு 303 ஆம் படிவம், வருமான வரிக்கு 130 ஆம் படிவம். ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 20 ஆம் தேதிகளும் ஜனவரி 30 உம் என் நாள்காட்டியில் சிவப்பு. இதற்கென்றே ஹெஸ்தோர் என்ற கணக்காளர்கள் இருக்கிறார்கள். முதல் மாதமே ஒருவரைப் பிடித்துவிடுங்கள். தேவாலயம், அரண்மனை போன்ற நினைவுச் சின்னங்களுக்குள் விளக்கம் சொல்ல மாநில அரசின் வழிகாட்டி அங்கீகாரம் தேவை. சாப்பாட்டு டூர் நடத்தும்போது அந்த எல்லையைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

வருமானம் மார்ச் முதல் ஜூன் நடுவரை, பிறகு செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி தாண்டும், நான் நம்பும் கடைகளில் பாதி ஆகஸ்டில் பூட்டிக்கிடக்கும். மே மாதச் சம்பாத்தியத்தில் ஆகஸ்டுக்கென்று எடுத்துவைக்காதவர்கள் இந்தத் தொழிலில் நிலைக்கமாட்டார்கள். இணையத்தில் முன்பதிவு செய்து தரும் தளங்கள் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கின்றன. வந்து போனவர் தன் நண்பருக்கு என் எண்ணைக் கொடுத்து வரும் வேலைதான் கையில் முழுதாக நிற்கும். புனித வாரத்தில் ஊர்வலங்கள் தெருக்களை மணிக்கணக்காக அடைத்துவிடும், குறுக்கே கடக்கவும் முடியாது. அந்த வாரம் ஆற்றின் ஒரே கரையில் இருக்கும் கடைகளாகத்தான் தேர்ந்தெடுப்பேன். ஏப்ரல் திருவிழாவின் கூடாரங்களில் பெரும்பாலானவை தனியாருடையவை, அழைப்பு இல்லாமல் நுழைய முடியாது. அழைத்துப்போகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பொதுக் கூடாரங்களைச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஜனவரியும் பிப்ரவரியும் படிப்புக்கு. ஹெரெஸ் ஒயின் கட்டுப்பாட்டு மன்றமே ஷெர்ரி கற்பிப்பவர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. இந்தப் பகுதியில் வேலை செய்ய விரும்புகிறவர்கள் அதற்குப் போவது நல்லது. அதைவிட அதிகம் கற்றது தபாங்கோக்களில். பீப்பாயிலிருந்தே ஊற்றித் தரும் ஹெரெஸின் பழைய ஒயின் கடைகள் அவை. குளிர்கால மதியம் அங்கே நின்றால் பீப்பாய் செய்த கை, திராட்சை பறித்த கை, கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கை எல்லாம் ஒரே கவுண்ட்டரில் இருக்கும். இந்தப் பகுதியின் ஆந்தலூசியப் பேச்சில் பாதி எழுத்துகள் விழுங்கப்பட்டுவிடும், அதனால் வகுப்பில் படித்த ஸ்பானிய மொழி முதலில் காலை வாரும். பொறுமையாகக் காதைக் கொடுத்தால் அவர்கள் மறுபடி மறுபடி சொல்வார்கள், சலித்துக்கொள்ளவே மாட்டார்கள்.

ஊருக்கு வாங்கிப்போக என்ன என்று கடைசி நாளில் எல்லோரும் கேட்பார்கள். ஃபினோவோ மன்சனியாவோ என்றால் அரைப் பாட்டில் வாங்குங்கள், பாட்டிலில் அடைத்த தேதி புதியதா என்று பாருங்கள், குளிரில் வையுங்கள், திறந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஓலோரோசோ திறந்தபின்னும் பல வாரம் தாங்கும். சின்னக் கிண்ணத்தில் ஊற்றாமல் சாதாரண ஒயின் கிளாஸிலேயே ஊற்றுங்கள், மணம் அப்போதுதான் எழும். பெட்டியில் இடம் மிச்சமிருந்தால் பீப்பாயில் முதிர்ந்த ஷெர்ரி வினிகர் ஒரு சிறு பாட்டில். குடிக்காத வீட்டிலும் அது செலவாகும்: தக்காளியும் வெங்காயமும் அரிந்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் போட்டு, மேலே நாலு சொட்டு விட்டால் போதும்.